காலிக் கட்டம்

ஆக் என்று ஒரு நிரல்மொழி இருக்கிறது. 1977இல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் என்ற மூன்று பேர் உருவாக்கியது. மூவர் பெயரின் முதலெழுத்தும் சேர்ந்துதான் அந்தப் பெயர். எழுத்துக் கோப்புகளை வரிவரியாகப் படித்து, வெட்டி, ஒட்டி, எண்ணிக் கொடுப்பது அதன் வேலை. இந்த மொழியில் ஒரு செயற்கூறு எழுதி (ஃபங்ஷன் என்றே சொல்லிக்கொள்வோம், அலுவலகத்தில் எவரும் செயற்கூறு என்று சொல்லி நான் கேட்டதில்லை) கடைசியில் 'ரிட்டர்ன்' போடாமல் விட்டால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. பிழைச் செய்தி வராது, நிரல் நிற்காது. ஃபங்ஷன் உள்ளே போகும், சொன்ன வேலையெல்லாம் செய்யும், பிறகு வெறுங்கையை வீசிக்கொண்டு வெளியே வரும். அதன் விடையை அச்சிடச் சொன்னால் திரையில் ஒரு வெற்று வரி விழும். அவ்வளவுதான்.

அந்த வெறுமைக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. எழுத்தாகக் கேட்டால் அது காலிச் சரம். எண்ணாகக் கேட்டால் பூஜ்ஜியம். கேட்பவர் எப்படிக் கேட்கிறாரோ அப்படி முகம் மாற்றிக்கொள்ளும். மாறியின் பெயரை ஓர் எழுத்து தவறாகத் தட்டினாலும் இதே கதைதான். அப்படி ஒரு மாறி இல்லையே என்று ஆக் கேட்காது, அந்தக் கணமே ஒரு காலி மாறியைப் பெற்றெடுத்துக் கையில் கொடுத்துவிடும். பைத்தான் இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையான ஆள். ரிட்டர்ன் இல்லாத ஃபங்ஷனை அச்சிட்டால் 'நன்' என்று எழுதிக் காட்டும். ஒன்றுமில்லை என்று வாயைத் திறந்து சொல்கிறது. பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் உடனே கண்ணில் படும்.

இதைச் சரிசெய்வது எப்படி என்று கேட்டால் ஐந்து நிமிட வேலை. விடையை ரிட்டர்ன் செய். உள்ளே ஏற்கனவே அச்சிடும் ஃபங்ஷனை வெளியே இன்னொரு முறை அச்சிடாதே. 'ஜிசப்' என்ற கட்டளை மாற்றிய சரத்தைத் தராது, எத்தனை இடத்தில் மாற்றினேன் என்ற எண்ணிக்கையைத்தான் தரும், அதை நினைவில் வை. ஃபங்ஷனுக்குள் அனுப்பிய சரம் வெறும் நகல்தான், உள்ளே அதை எவ்வளவு அழகாகச் சுத்தம் செய்தாலும் வெளியே இருக்கும் மூலம் மாறாது. இவ்வளவு தெரிந்தால் போதும். எனக்கு விடை தெரியாத கேள்வி வேறு. ஒரு வெற்று வரி பொய் சொல்ல முடியுமா?

பொய்க்கு ஒரு கூற்று வேண்டும், சும்மா இருப்பவன் எப்படிப் பொய் சொல்வான் என்று முதலில் தோன்றும். தனியாக ஒருவன் பேசாமல் இருந்தால் அது மௌனம். ஆனால் பட்டியலில் அவனுக்கென்று ஓர் இடம் ஒதுக்கி, 'தகப்பனார் பெயர்' என்று தலைப்பும் போட்டு, அதற்குக் கீழே காலியாக விட்டால், படிப்பவர் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்கிறார். கேள்வி கேட்கப்பட்டுவிட்டது, வந்த பதில் இதுதான் என்று நினைக்கிறார். அவர் நினைப்பதில் தப்பில்லை.

சென்ற ஆண்டு எங்கள் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு உதவி கேட்டார்கள். நான் பக்கத்தில் பெர்லிஸில் பொறியியல் படித்தவன், அலோர் ஸ்டாரில் இருக்கிறேன், வாரக்கடைசியில் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஒப்புக்கொண்டேன். எஸ்.பி.எம். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த பிள்ளைகள் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அது தட்டச்சு செய்த கோப்பைப் படித்து, மாணவர் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த ஊர், தோட்டம், சேர்ந்த ஆண்டு என்று பிரித்துக் கொடுக்கும். ஆயிரத்து நானூறு வரிக்குச் சற்று மேல். அதில் 61 வரிகளில் தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

பள்ளியின் ஆண்டு மலரில் இந்தப் பட்டியலைப் போடப்போகிறார்கள். குழுவில் இருந்த பெரியவர் திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்தக் காலி வரிய எல்லாம் எடுத்துருங்களேன், புத்தகத்துல ஓட்ட ஓட்டயா தெரியும்" என்றார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. காலி வரிகளை எடுப்பது ஒரே ஒரு கட்டளை. இணையத்தில் தேடினால் முதல் விடையாக அதுதான் வரும், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

அதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த ஸ்கிரிப்ட் மாணவர் பெயர்களை ஒரு கோப்பிலும் தகப்பனார் பெயர்களை இன்னொரு கோப்பிலும் எழுதி, கடைசியில் 'பேஸ்ட்' என்ற கருவியால் இரண்டையும் வரிக்கு வரி ஒட்டுகிறது. பேஸ்டுக்கு யார் யார் பிள்ளை என்பதெல்லாம் தெரியாது. இந்தப் பக்கம் பத்தாவது வரி, அந்தப் பக்கம் பத்தாவது வரி, ஒட்டு. இப்போது இரண்டாவது கோப்பில் மட்டும் காலி வரிகளை நீக்கினால் என்ன ஆகும்? முதல் காலி வரிக்குக் கீழே இருக்கும் அத்தனை தகப்பன்மாரும் ஒரு படி மேலே ஏறிவிடுவார்கள். இரண்டாவது காலிக்குப் பிறகு இரண்டு படி. கடைசிக் காலியைத் தாண்டிய பிறகு பிள்ளைகளுக்குத் தங்களுக்கு 61 இடம் தள்ளிச் சேர்ந்த பிள்ளையின் அப்பா வாய்த்திருப்பார். நடுவில் ஓர் ஓட்டைகூட இருக்காது, பார்க்க அழகாக இருக்கும், காலியெல்லாம் கடைசி 61 வரியில் போய்ச் சேர்ந்திருக்கும்.

சரி, மாணவர் வரியையும் சேர்த்தே எடுத்துவிட்டால் அந்தச் சிக்கல் வராதே என்று கேட்கலாம். வராது. 61 பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படிக்கவே இல்லை என்றாகிவிடும்.

ஆகவே ஒவ்வொன்றாகப் பார்க்க உட்கார்ந்தேன். 61 காலியும் திரையில் ஒரே மாதிரி இருந்தன. வெறுமைக்கு ஏது முகம். ஆனால் மூலப் பதிவேட்டின் படங்களை எடுத்து வைத்து ஒப்பிட்டபோது அவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை இல்லை என்று தெரிந்தது.

சில வெறும் குறியீட்டுத் தகராறு. ஸ்கிரிப்ட் 'ஏ-எல்', 'ஏ-பி' என்ற மலாய்ச் சுருக்கங்களைத் தேடி, அதற்குப் பின்னால் வருவதைத் தகப்பன் பெயராக எடுத்துக்கொண்டது. அனாக் லெலாகி, அனாக் பெரெம்புவான். பழைய பக்கங்களில் ஆங்கிலப் பாணியில் 'எஸ்-ஓ', 'டி-ஓ' என்று இருந்தது. அதற்கும் முந்தியவற்றில் தமிழிலேயே 'த/பெ'. தேடியது கிடைக்காததால் ஃபங்ஷன் பேசாமல் வெறுமையைத் தந்துவிட்டது. பிறந்த ஊர் பத்தியிலும் இதே கூத்துதான். இந்த நகரத்துக்கு 2003இல் மாநகரத் தகுதி கிடைத்தபோது அதிகாரப்பூர்வமாக அலோர் ஸ்டார் ஆனது, 2009இல் மீண்டும் அலோர் ஸெத்தார். ஸ்கிரிப்டின் அட்டவணையில் ஒரு வடிவம்தான் இருந்தது. மற்ற வடிவத்தில் பதிந்தவர்கள் எல்லாரும் ஊரில்லாதவர்கள் ஆனார்கள். நாம் தமிழில் எந்தக் காலத்திலும் அலோர் ஸ்டார் என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம், எந்த அரசாணையும் அதைத் தொடவில்லை.

அடுத்த வகைதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. தகப்பன் பெயர் தமிழ் எழுத்தில் மட்டும் இருந்த வரிகள். பெயரில் தேவையில்லாத குறிகள் இருந்தால் நீக்குவதற்கென்று ஒரு 'சுத்தம் செய்யும்' ஃபங்ஷன் இருந்தது. ஏ முதல் இஸட் வரை உள்ள எழுத்து, எண், இடைவெளி தவிர மற்ற எல்லாவற்றையும் அது துடைத்துவிடும். தமிழ்ப் பெயரை உள்ளே அனுப்பினால் முழுதும் அழுக்கு என்று முடிவுசெய்து மொத்தத்தையும் துடைத்துவிட்டு, பளிச்சென்று ஒரு காலிச் சரத்தை வெளியே அனுப்புகிறது. எழுதியவரைக் குறைசொல்ல வரவில்லை. உலகம் முழுக்க இப்படித்தான் எழுதுகிறார்கள். ஜாங்கோ என்ற பெயர்பெற்ற வலைச் சட்டகத்தில் கட்டுரைத் தலைப்பை முகவரியாக மாற்றும் ஃபங்ஷன் ஒன்று உண்டு. சும்மா பயன்படுத்தினால் 'தமிழ்' என்ற தலைப்புக்கு அது தரும் விடை வெறுமை. யூனிகோடை அனுமதி என்று சொல்லிப் பயன்படுத்தினால் விடை 'தமழ'. உயிர்மெய்யின் கொக்கியையும் புள்ளியையும் அது எழுத்தாகவே மதிப்பதில்லை, பிடுங்கி எறிந்துவிடுகிறது. ஆக்கை எடுத்துக்கொண்டால், கெர்னிகன் தன் எண்பதாவது வயதில், 2022இல், தானே உட்கார்ந்து அதற்கு யூனிகோட் சேர்த்தார். அதுவரை அந்த மூல ஆக் ஒரு தமிழ் எழுத்தை மூன்று பைட்டாக எண்ணிக்கொண்டிருந்தது. எண்பது வயதில் பழைய வீட்டுக்கு ஜன்னல் வைத்த அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை.

வெறுமை மோசமா, 'தமழ' மோசமா? நெடுநேரம் யோசித்தேன். 'தமழ' என்பதைப் பார்க்கிற யாருக்கும் இங்கே ஏதோ உடைந்திருக்கிறது என்று தெரியும். வெறுமையைப் பார்த்தால் இங்கே ஒன்றும் இருந்ததே இல்லை என்று தோன்றும்.

துடைக்கப்பட்ட அந்தத் தமிழ் வரிகளில் ஏழு, 1946, 1947ஆம் ஆண்டுச் சேர்க்கைகள். பதிவேட்டின் படத்தைத் திறந்து பார்த்தேன். பாதுகாவலர் பத்தியில் தாய்மாமன், பாட்டி, சித்தப்பா. தகப்பனார் பெயர் என்ற பத்தியில், ஏழிலும், அழகான மசி எழுத்தில் ஒரே சொல்: 'சயாம்'.

மலேசியத் தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சுருக்கமாக. 1942 முதல் 1943 வரை ஜப்பானிய ராணுவம் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூஸாயட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. அறுபதாயிரம் அளவில் போர்க்கைதிகளும், ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேலான ஆசியத் தொழிலாளர்களும் அதில் வேலை செய்தார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர்கள். கெடா தோட்டங்கள் எல்லைக்குப் பக்கம், ரயில் இந்த ஊர் வழியாகத்தான் வடக்கே போகும். கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். அவர்களுக்குக் காஞ்சனாபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன, பராமரிக்க ஆணையம் இருக்கிறது. அடையாளம் தெரியாத உடல்களுக்கும் ஒரு கல் உண்டு. பெயர் தெரியாது என்பதே அந்தக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆசியத் தொழிலாளர்களின் சாவு தொண்ணூறாயிரம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. மதிப்பீடு என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு பக்கம் பெயர்ப்பட்டியல், இன்னொரு பக்கம் 'இருக்கலாம்'. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' போன்ற நாவல்கள் அந்தக் காலிப் பட்டியலுக்குள் நின்றுகொண்டுதான் எழுதப்பட்டன. ஒரு வரலாற்று வேடிக்கையும் உண்டு. பாதை வேலை முடிந்த அதே 1943 அக்டோபரில்தான் ஜப்பான் கெடாவையே சயாமிடம் கைமாற்றியது. அப்பாக்கள் சயாமுக்குப் போனார்கள், கடைசியில் சயாம் பிள்ளைகள் இருந்த ஊருக்கே வந்தது.

பதிவேட்டை எழுதிய அந்த ஆசிரியரை நினைத்துப் பார்க்கிறேன். அவருக்கு அந்த அப்பாவின் பெயர் தெரியாமலா இருந்திருக்கும்? தாய்மாமன் எதிரே நிற்கிறார், கேட்டால் சொல்லியிருப்பார். இறந்தவர் என்று எழுதச் சாவுக்கு ஒரு தாளும் இல்லை, உயிரோடிருப்பவர் என்று எழுத ஆளும் இல்லை. அதனால் காலியாக விட்டுவிட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. விடாமல் ஆள் போன இடத்தை எழுதி வைத்தார். எழுபது ஆண்டுக்கு மேல் கழித்து ஒரு ஃபங்ஷன் அதை அழுக்கென்று துடைத்தது. துடைக்காமல் எழுத்தை மட்டும் வடிகட்டியிருந்தால் 'சயம' என்று வந்திருக்கும். நம் மொழியில் சயம் என்றால் வெற்றியும் உண்டு, தேய்வும் உண்டு.

இந்த நாட்களில்தான் என் தோழன் ஒருவனின் பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர், எண்பதைத் தாண்டிவிட்டார். பெரட்டில் ஆள் எண்ணிச் செக்ரோல் எழுதியவர். கட்டத்துக்குக் கட்டம் கோடு போட்ட அந்தப் பெரிய புத்தகத்தில் ஆள் பெயருக்கு நேரே ஒவ்வொரு நாளும் ஒரு குறி, சம்பளம் அதை வைத்துத்தான்.

"காலியா வுட்டா என்ன அர்த்தம் பெரியப்பா?"

"ஆளு வரல. வரலன்னா அன்னிக்குச் சம்பளம் இல்ல. அவ்ளோதான் தம்பி."

"காய்ச்சல்னு படுத்திருந்தா?"

"காய்ச்சலா இருக்கட்டும், புள்ள பெத்துக் கெடக்கட்டும், எழவுக்குப் போயிருக்கட்டும், காலின்னா காலிதான். ஆபீஸ்ல ஒக்காந்து கூட்டிப் பாக்கறவனுக்கு எல்லாம் ஒண்ணு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "அதனால நான் ஓரமா ஒரு எழுத்து போட்டு வைப்பேன். கா-ன்னா காய்ச்சல், பி-ன்னா பிரசவம். பென்சில்ல."

"ஏன் பென்சில்ல?"

"தொரை பாத்துக் கேட்டா அழிச்சுரலாம்ல."

உறவுமுறைத் தரவுத்தளங்களின் தந்தை என்று சொல்லப்படும் எட்கர் காட் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார், பென்சில் இல்லாமல். 1990இல் வந்த தன் புத்தகத்தில், விடுபட்ட தகவலுக்கு இரண்டு தனிக் குறிகள் வேண்டும் என்றார். ஒன்று, இருக்க வேண்டியது, ஆனால் நமக்குத் தெரியவில்லை. இன்னொன்று, இந்த ஆளுக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. தொழில்துறை காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே 'நல்' போதும் என்று விட்டுவிட்டார்கள். ஆரக்கிள் தரவுத்தளம் இன்னும் ஒரு படி போய், காலிச் சரத்தையும் நல்லையும் ஒன்றென்றே வைத்துக்கொள்கிறது. நல் என்ற கருத்தை 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழியில் சேர்த்த டோனி ஹோர், 2009இல் ஒரு மாநாட்டில் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று குறிப்பிட்டார். எழுதுவதற்கு அவ்வளவு சுலபமாக இருந்ததாம், ஆசையை அடக்க முடியவில்லையாம்.

ஆனால் காட்டுக்கு முன்னாலேயே நம் பக்கத்தில் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். (நம்மிடம் எல்லாம் இருந்தது என்று மார்தட்டும் கூட்டத்தில் நான் இல்லை. விமானமும் இருந்தது என்பார்கள்.) மணிமேகலையில் சமயக் கணக்கர்களின் திறம் கேட்கும் காதையில் அறிவைப் பெறும் அளவைகள் வரிசையாக வரும்போது அபாவமும் ஒன்றாக எண்ணப்படுகிறது. இல்லை என்பதும் ஓர் அறிவு. நையாயிகர்கள் இதைப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் போனார்கள். அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைச் சிவஞான முனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழுக்குக் கொண்டுவந்தார். அந்த மரபில் இன்மை நான்கு. இன்னும் உண்டாகாததால் இல்லாதது, இருந்து அழிந்ததால் இல்லாதது, எக்காலத்தும் இல்லாதது, இது அதுவன்று என்பதால் இல்லாதது. அவர்களுடைய வழக்கமான உதாரணம் தரையில் குடம் இல்லை என்பது. அந்த வாக்கியத்தில் எது இல்லை, எங்கே இல்லை என்று இரண்டும் இருக்கின்றன. இந்த இரண்டும் இல்லாமல் 'இல்லை' என்று மட்டும் சொன்னால் அது அறிவே ஆகாது என்பார்கள். காலிச் சரத்தில் இரண்டுமே கிடையாது. குடமும் இல்லை, தரையும் இல்லை.

என் 61 காலிகளை வைத்துப் பார்த்தால் இந்தப் பாகுபாடு பொருந்தத்தான் செய்தது. செல்லரித்த பக்கங்களில் இருந்து அழிந்த இன்மை. ஓரிரு வரியில் தகப்பன் பெயர் பிறகு சேர்க்கப்படும் என்ற குறிப்பு, பிறகு யாரும் சேர்க்கவில்லை. குறியீட்டுத் தகராறில் தவறியவை இன்மையே அல்ல, தேடியவன் தப்பான இடத்தில் தேடினான், அவ்வளவே. நிரலைத் திருத்தினேன். மூன்று வடிவச் சுருக்கத்தையும் தேடச் சொன்னேன். சுத்தம் செய்யும் ஃபங்ஷன் தமிழ் நெடுங்கணக்கின் பகுதி முழுவதையும், கொக்கியும் புள்ளியும் உட்பட, தொடாமல் விடும்படி செய்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த ஃபங்ஷனும் சும்மா வெறுமையைத் தரக்கூடாது என்று வைத்தேன். கிடைத்தால் பெயர், கிடைக்காவிட்டால் ஏன் கிடைக்கவில்லை என்ற ஒரு சொல், அதுவும் முடியாவிட்டால் வரி எண்ணைச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடு.

வெறுமைக்குப் பேர் வைக்காமல் விட்டால் அது யார் தலையிலாவது போய் விழும். கலிஃபோர்னியாவில் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் விளையாட்டாகத் தன் காருக்கு 'நல்' என்று எண்பலகை வாங்கினார். எண்பலகை எண் பதியப்படாத யார் யாருடைய அபராதச் சீட்டோ எல்லாம் அவர் வீட்டுக்கு வர ஆரம்பித்தது, மொத்தம் 12,000 டாலருக்கு மேல். 2019இல் இதைப் பற்றிப் பலரும் எழுதிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இந்த நாட்டில் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் விவரம் இருக்க வேண்டிய இடத்தில் 'மக்லுமாட் தீடாக் டிப்பெரோலேஹி', அதாவது தகவல் பெறப்படவில்லை என்று எழுதப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். கணினியின் பார்வையில் அது நல்ல நிரலாக்கம். வெறுமையாக விடவில்லை, காரணத்தைச் சொல்லியிருக்கிறது. 'பெறப்படவில்லை' என்ற வினையில், பெறாதது அலுவலகம், இல்லாமல் போனது அப்பா இல்லை என்ற நுணுக்கம்கூட இருக்கிறது. ஆனால் அந்தச் சூராட் பெரானாக்கைப் பள்ளி, வங்கி, வேலைவாய்ப்பு என்று ஒவ்வோர் இடமாகக் கொண்டுபோய் நீட்டும் பிள்ளையிடம் இந்த நுணுக்கத்தைப் பேசிப் பாருங்கள்.

இங்கேதான் என் பொறியியல் ஒரு சுவரில் முட்டியது. 61இல் நான்கு வரி மட்டும் எந்த வகையிலும் சேராமல் நின்றன. மூலத்திலேயே காலி. பூச்சி அரிக்கவில்லை, கிறுக்கல் இல்லை, சுத்தமான தாள். நான்கிலும் தாயார் பெயர் இருக்கிறது, தோட்டத்தின் பெயர் இருக்கிறது. அதே ஆசிரியரின் கையெழுத்து. சயாம் என்று எழுதத் தெரிந்த அதே கை. தெரியாது என்றோ, இல்லை என்றோ, ஒரு கோடோ போட்டிருக்கலாம். போடவில்லை. அவர் அறிந்தே விட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஏழு வயதுப் பிள்ளை மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, தன் பெயருக்கு நேரே அவர் என்ன எழுதுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். பின்னால் சாய்ந்து படிக்கக் கூடிய மற்ற பிள்ளைகளும் இருந்திருக்கலாம்.

நண்பனிடம் சொன்னபோது, "அப்பறம் என்னா, ஒன்னோட விதி ஒடஞ்சி போச்சா?" என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃபங்ஷன் பேசாமல் இருப்பதற்கும் அந்த ஆசிரியர் பேசாமல் இருப்பதற்கும் வெளியே தெரிகிற உருவம் ஒன்று. ஆசிரியரிடம் சொல்ல ஒன்று இருந்தது, அதை அவர் கையில் வைத்துக்கொண்டார். ஃபங்ஷன் கையில் எதுவுமே இல்லை, தன் கையில் எதுவும் இல்லை என்பதும் அதற்குத் தெரியாது. ஆனால் இது என் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். அச்சில் வரும்போது வாசகர் இரண்டையும் ஒரே வெள்ளையாகத்தான் பார்ப்பார். 'பதிவேட்டில் காலி' என்று அந்த நான்குக்கும் ஒரு சொல் போடலாம் என்று யோசித்தேன். எழுதிப் பார்த்தேன். ஆயிரத்து நானூறு பேரில் அந்த நான்கு பேரையும் விரல் நீட்டிக் காட்டுவதுபோல் இருந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இதே டவுனில் இருக்கிறார்கள், மலரை வாங்குவார்கள். கடைசியில் அந்த நான்கு வரியில் தகப்பனார் பத்திக்குப் பதில் தாயார் பெயரைப் போட்டேன். பதிவேட்டில் உள்ளதுதான், புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. பிறகு குழுவிடம் கேட்டு, பத்தித் தலைப்பையே 'பெற்றோர் / பாதுகாவலர்' என்று மாற்றினோம். பெரியவர் உடனே சரி என்றார். ஓட்டை தெரியாது என்பது அவருக்குச் சந்தோஷம். சயாம் ஏழும் அப்படியே சயாம் என்றே போகின்றன, பாதுகாவலர் பெயருக்குப் பக்கத்தில். ஸ்கிரிப்டில் அந்த நான்கு வரிக்கு மேலே, அடுத்து வருபவர் 'திருத்தி'விடாமல் இருக்க, மூலத்தில் தகப்பனார் பெயர் எழுதப்படவில்லை, தேட வேண்டாம் என்று ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒரு வரி மிச்சம் இருக்கிறது. 1952ஆம் ஆண்டுப் பக்கம். தகப்பனார் பத்தியில் ஏதோ எழுதி, பிறகு பிளேடால் சுரண்டியிருக்கிறார்கள். தாள் அந்த இடத்தில் வெங்காயத் தோல்போல் மெலிந்திருக்கிறது. பதிவேட்டையே வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். முதல் எழுத்தும் கடைசியில் ஒரு சுழியும் தெரிகின்றன. படத்தின் நிறத்தை ஏற்றி இறக்கினால் முழுதும் படித்துவிட முடியும் என்றுதான் நினைக்கிறேன், அதற்கான மென்பொருள் என் கணினியில் இருக்கிறது. சுரண்டியது ஆசிரியரா, வேறு யாருமா, யார் கேட்டுக்கொண்டதால் என்பது தாளில் இல்லை. தாயார் பெயர் இந்த வரியில் கிடையாது. மலர் தீபாவளிக்கு அப்புறம் அச்சுக்குப் போகிறது, எப்ப தம்பி முடியும் என்று வாரம் ஒருமுறை கேட்கிறார்கள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஸ்கிரிப்ட் அந்த இடம் வரை ஓடி, வரி எண்ணைச் சொல்லிவிட்டு நிற்கிறது.